வயலிலிருந்து வாய்வரை: மார்ஃபினின் பயணம்

பிப்ரவரி மாதம் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கம் போனால் வயல்கள் வெள்ளைப் பூவாகத் தெரியும். நம் வீடுகளில் குருமாவுக்கு அரைக்கிற கசகசா விளைவது இந்தச் செடியில்தான். இதழ்கள் உதிர்ந்து காய் திரண்டதும், மதியத்துக்கு மேல் விவசாயி வயலில் இறங்குவார். பல முனைகள் உள்ள சிறிய கத்தியால் காயின் தோலைக் கீறிவிடுவார். கீறல் ஆழமானால் பால் காய்க்குள்ளேயே இறங்கிவிடும். மேலோட்டமாகிவிட்டால் பால் வராது. கைப்பழக்கம் உள்ளவர்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலை இது. கீறலில் கசிந்த பால் இரவெல்லாம் காற்றுபட்டுக் கெட்டியாகிப் பழுப்பு நிறம் கொள்ளும். காலையில் வெயில் ஏறுமுன் அதை வழித்தெடுப்பார்கள். அதுதான் அபினி.

இந்த வயல்களை அரசு அளந்து கண்காணிக்கிறது. குவாலியரில் தலைமையகம் கொண்ட மத்திய போதைப்பொருள் பணியகத்தின் உரிமம் பெற்றவர் மட்டுமே, உரிமத்தில் சொன்ன நிலத்தில் மட்டுமே, இதைப் பயிரிடலாம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில்தான் அதற்கு அனுமதி. எடுத்த அபினி முழுவதையும் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். அது நீமச்சிலும் காசிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளுக்குப் போகும். கங்கைக் கரையிலிருக்கும் காசிப்பூர் ஆலையின் வரலாறு 1820-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் தொடங்குகிறது. அன்று கங்கைச் சமவெளியின் அபினி கல்கத்தா துறைமுகம் வழியாகச் சீனாவுக்குப் போய் ஒரு போருக்கே காரணமாயிற்று. இன்று அதே ஆலை மருந்துக்கான மூலப்பொருளைத் தருகிறது. அமெரிக்கா தன் மருந்துத் தொழிலுக்கு இறக்குமதி செய்யும் அபினி மூலப்பொருளில் குறைந்தது 80 சதவீதம் இந்தியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வர வேண்டும் என்று 1981-லேயே விதி வகுத்தது.

பச்சை அபினியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மார்ஃபின். எலும்பில் பரவிய புற்றுநோயால் பல இரவுகள் கண்மூடாதவரை உறங்க வைப்பது இது. வயிற்றில் பெரிய அறுவை முடிந்தவர் மறுநாள் எழுந்து உட்காரவும், இருமிச் சளியை வெளியேற்றவும் துணை நிற்பது இது. வயலிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கடல் கடந்தும் இது தடையின்றிப் போயிற்று. நம் நாட்டு நோயாளியின் கட்டிலுக்கு வருவதற்குள்தான் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. மார்ஃபினின் வாழ்க்கைக் கதையில் நாம் கவனமாகப் படிக்க வேண்டியது அந்தக் கடைசிப் பகுதியை.

தராசில் ஏறிய அபினி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பேடர்போர்ன் ஊரில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக வேலை பார்த்தார் ஃபிரீட்ரிச் செர்ட்யூர்னர். இருபதைச் சற்றே தாண்டிய வயது. அபினி அன்று எல்லா மருத்துவர் கையிலும் இருந்தது. ஆனால் ஒரு சரக்கின் வீரியம் அடுத்த சரக்கில் இருக்காது. ஒரே அளவு கொடுத்தும் ஒருவருக்கு வலி போகாது. இன்னொருவருக்கு மூச்சே அடங்கிவிடும். அபினிக்குள் இருந்து வேலை செய்யும் பொருள் எது என்று செர்ட்யூர்னர் தேடினார். அபினிக் கரைசலில் அம்மோனியா சேர்த்தபோது படிகங்கள் அடியில் தங்கின. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவை உறங்கின. கிரேக்கக் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரை அந்தப் படிகத்துக்கு வைத்தார்.

1817-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தானும் மூன்று இளைஞர்களும் அதை உட்கொண்டு பார்த்ததை எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 30 மில்லிகிராம், முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை. நால்வரும் மயங்கும் நிலைக்குப் போனார்கள். வினிகர் குடித்து வாந்தியெடுத்துத்தான் மீண்டார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆனாலும் வலி மருத்துவத்தின் அடிப்படைப் பாடம் அங்கே கிடைத்துவிட்டது: இந்தப் பொருளை எடைபோட முடியும்; எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகிறது. 1827-இல் டார்ம்ஸ்டாட் நகரின் மெர்க் நிறுவனம் மார்ஃபினை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது.

1853-இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் என்ற மருத்துவர் தோலுக்கடியில் ஊசி வழியாக மார்ஃபின் செலுத்தினார். மருந்து விரைவாக வேலை செய்தது. போர்க்கள மருத்துவத்திலும் ஊசி இடம்பிடித்தது. ஊசியோடு அடிமைத்தனமும் பரவியது. 1898-இல் மார்ஃபினை மாற்றிச் செய்த ஹெராயினை பேயர் நிறுவனம் இருமல் மருந்தாக விற்றது. அதன் விளைவுகள் தெரிந்ததும் நாடுகள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பயம் மருத்துவமனை வார்டுக்குள்ளும் நுழைந்தது. புற்றுநோயில் கிடப்பவருக்குக்கூட, சாவு நெருங்கிய பிறகு, தாங்க முடியாமல் கதறிய பிறகு மட்டுமே ஒரு ஊசி என்பது வழக்கமாயிற்று.

லண்டனின் கடிகாரம்

அந்த வழக்கத்தை மாற்றியவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன்பிறகு படித்து மருத்துவரானவர். 1958 முதல் லண்டனின் ஹாக்னி பகுதியில் இருந்த செயின்ட் ஜோசப் இல்லத்தில், இறக்கும் தறுவாயில் இருந்தவர்களிடையே வேலை செய்தார். ஒவ்வொருவருக்கும் எங்கே வலி, எவ்வளவு மருந்து, எத்தனை மணிக்கு என்று குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் குறிப்புகள் சேர்ந்தபோது ஒரு விஷயம் தெளிவாயிற்று.

வாய்வழி மார்ஃபினின் வேலை சுமார் நான்கு மணி நேரம் நீடிக்கும். வலி திரும்பி வந்து, நோயாளி கேட்டு, செவிலியர் மருத்துவரிடம் அனுமதி பெற்று வருவதற்குள் வலி உச்சத்தைத் தொட்டிருக்கும். அதைத் தணிக்க அதிக மருந்து வேண்டும். அதிக மருந்தில் அவர் மயங்கிக் கிடப்பார். விழித்ததும் மறுபடி வலி. நோயாளி எப்போதும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு அடுத்த மருந்துக்குக் கெஞ்சுவார். பார்ப்பவர்கள் அவரை அடிமையாகிவிட்டார் என்பார்கள். குடத்தில் தண்ணீர் தீருமுன்பே நிரப்பி வைப்பது போல, வலி தலைதூக்குமுன் அடுத்த வேளையைக் கொடுத்தார் சாண்டர்ஸ். குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. நோயாளிகள் தெளிவாக இருந்தார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள். கெஞ்சல் நின்றது.

வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை என்றும் அவர் வலியுறுத்தினார். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை, கடன், தனிமை, கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததை அவர் முழுமையான வலி என்றார். 1967-இல் தென் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டஃபர் இல்லத்தில் சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடந்தன. அங்கே 1971-இல் சேர்ந்த ராபர்ட் ட்வைகிராஸ், மார்ஃபினையும் ஹெராயினையும் வாய்வழியாகக் கொடுத்து ஒப்பிட்டார். அளவைச் சரியாகப் பொருத்திக் கொடுத்தால் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 1977-இல் எழுதினார். கொக்கைன், சாராயம், இனிப்புப் பாகு என்று பலவற்றைக் கலந்து லண்டன் மருத்துவமனைகள் கொடுத்துவந்த பழைய கலவை மருந்துக்கு இனி அவசியமில்லை. மார்ஃபின் மட்டும் போதும்; அதை வாயால் விழுங்கினாலே போதும். ஊசி போட ஆள் இல்லாத வீட்டிலும் வலியைத் தணிக்க முடியும் என்பதற்கு இந்த முடிவுதான் வழி திறந்தது.

அதே ஆண்டுகளில் மார்ஃபின் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதும் துலங்கியது. காயத்திலிருந்து வரும் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை, முதுகுத்தண்டிலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் வாயில்கள் இருக்கின்றன என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். 1973-இல் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் நரம்புத் திசுவில் மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளைக் காட்டினார்கள். நியூயார்க்கிலும் உப்சாலாவிலும் வேறு குழுக்கள் அதே ஆண்டில் அதையே கண்டன. கசகசாச் செடியின் பாலுக்கு மனித மூளையில் இடம் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1975-இல் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் பதில் கண்டார்கள்: அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும் பொருளை உடல் தானே சுரக்கிறது. வலியைக் குறைக்கும் ஏற்பாடு உடலிலேயே உண்டு. மார்ஃபின் அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறது.

1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான ஒரு சிறு கையேட்டை வெளியிட்டது. வாய்வழியாகக் கொடு, மணி பார்த்துக் கொடு, படிப்படியாக ஏறு, ஆளுக்கு ஏற்றபடி அளவை வை, சிறு விவரத்தையும் கவனி. முதல் படியில் பாராசிட்டமால் போன்றவை, அடுத்ததில் கோடீன், கடைசியில் மார்ஃபின். சாண்டர்ஸின் குறிப்பேடுகளில் இருந்த அனுபவம் எந்தச் சிற்றூர் மருத்துவரும் பின்பற்றக்கூடிய ஏணியாக மாறியது. பிற்பாடு வந்த திருத்தம் படிகளை ஒவ்வொன்றாக ஏற வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்தியது. கடும் வலி என்றால் நேரடியாக மார்ஃபினில் தொடங்கலாம்.

பூட்டிய பீரோ

உலகத்துக்கு அந்த ஏணி கிடைப்பதற்கு ஓராண்டு முன்பு, 1985-இல், இந்தியா போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடத்தலை ஒடுக்குவது அதன் நோக்கம். மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் மார்ஃபினைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் தண்டனை பத்தாண்டுச் சிறை என்ற அளவில் இருந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை எழுதியது. மருத்துவமனைக்கு மார்ஃபின் வாங்க வேண்டுமானால் வைத்திருக்க ஒன்று, கொண்டுவர ஒன்று, மாநில எல்லை கடக்க ஒன்று என்று பல உரிமங்கள், வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து. கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமத்தின் காலம் முடிந்துவிடும். கணக்கில் சிறு பிசகு வந்தாலும் சிறை என்ற அச்சத்தில் மருந்துக்கடைகள் மார்ஃபின் வைப்பதையே நிறுத்தின. மருத்துவமனைகள் கேட்பதை நிறுத்தின.

நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 1997-இல் இந்தியா முழுவதற்கும் பயன்பட்டது வெறும் 18 கிலோ. மக்கள்தொகை அப்போது 90 கோடியைத் தாண்டியிருந்தது. இதைவிட நீண்டகால இழப்பு ஒன்றும் நேர்ந்தது. மார்ஃபின் எழுதிப் பார்த்திராத, எழுதுவதைக் கண்டிராத ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவானார்கள். அவர்களே அடுத்த தலைமுறைக்குப் பாடம் நடத்தினார்கள்.

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவரான எம்.ஆர். ராஜகோபாலும், சுரேஷ் குமாரும், சில நண்பர்களும் வலி தணிப்புக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். சிறிய புறநோயாளிப் பிரிவு. உள்ளூர்த் தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தார்கள். நடக்க முடியாதவர்களின் வீடு தேடிப் போனார்கள். புண் கழுவினார்கள், அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார்கள், மார்ஃபின் மாத்திரையை வேளை குறித்துக் கையில் கொடுத்தார்கள். பின்னாளில் மலப்புறம் மாவட்டத்தில் இது அக்கம்பக்கத்தார் நடத்தும் வலைப்பின்னலாகவே வளர்ந்தது.

வீட்டுக்கு மார்ஃபின் கொடுத்தனுப்பினால் அது கள்ளச் சந்தைக்குப் போய்விடும் என்பதுதான் அதிகாரிகளின் முக்கிய ஆட்சேபம். ராஜகோபால் குழு அந்த ஆட்சேபத்தைத் தரவுகளோடு எதிர்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் 1,723 பேர் வெளிநோயாளிகளாக வாய்வழி மார்ஃபின் பெற்றிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடத்திலும் முறைகேடோ கைமாற்றலோ கண்டறியப்படவில்லை. 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. மண்சுவர் வீட்டிலும், படிக்காத குடும்பத்திலும் இந்த மருந்தைப் பத்திரமாகக் கையாள முடியும் என்பதற்கு அது சான்று. அதன் உள்ளே இருக்கும் காரணத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பங்கள் தனியே விடப்படவில்லை. யாரோ ஒருவர் தொடர்ந்து போய், வலி எப்படி இருக்கிறது, எத்தனை மாத்திரை மிச்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கேரளம் விதிகளைத் தளர்த்தியது. 2008-இல் நோய்த்தணிப்புக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2014-இல் நாடாளுமன்றம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் அத்தியாவசியப் போதைமருந்துகள் என்ற பிரிவில் வந்தன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரிக்கும் மருத்துவ நிறுவனம் என்ற ஒரே ஏற்பாடு, எல்லா மாநிலங்களுக்கும் ஒரே விதி.

மருந்து மிகுந்த நாட்டில்

இந்தியா மார்ஃபினைப் பூட்டி வைத்திருந்த அதே காலத்தில் அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது இவ்வகை வலிமருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவு என்றது. அந்த நோயாளிகள் மருத்துவமனைக்குள், செவிலியரின் கண்முன்னே மருந்து பெற்றவர்கள். ஆனால் வருடக்கணக்காக வீட்டில் மாத்திரை விழுங்குபவர்களுக்கும் பயமில்லை என்பதற்கு அந்தக் கடிதம் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் ஆதாரமாகக் காட்டப்பட்டது. 1996-இல் பர்டியூ நிறுவனம் மார்ஃபினின் உறவுப் பொருளான ஆக்சிகோடோனை நீண்டநேரம் வேலை செய்யும் மாத்திரையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அது தாராளமாக எழுதப்பட்டது. அடிமைப்படுத்தும் தன்மையைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்றதாக 2007-இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராகக் குடும்பங்கள் சிதைந்திருந்தன.

இங்கேதான் வலியை வகை பிரித்துப் பார்ப்பதன் அவசியம் தெரிகிறது. அறுவை, எலும்பு முறிவு, தீக்காயம் போன்ற உடனடி வலி காயம் ஆறும்போது குறையும். சில நாட்களுக்கு அளந்து கொடுக்கும் மார்ஃபின் அதற்குப் பொருத்தம். நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்து பெற்றுக்கொள்ளும் பம்பு 1970-களில் வந்தது. குறிப்பிட்ட நேரம் ஆகாமல் எத்தனை முறை அழுத்தினாலும் அது மருந்தை விடாது. புற்றுநோய் வலிக்கும், இறுதிக்கட்ட நோய்களின் வலிக்கும் மார்ஃபின் இன்றும் ஆதாரம். ஆனால் மாதக்கணக்கில் தொடரும் இடுப்பு வலியும் முழங்கால் தேய்மானமும் வேறு வகை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 240 பேரை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு மார்ஃபின் வகை மருந்துகள், இன்னொன்றுக்குப் பாராசிட்டமால் போன்ற மற்ற மருந்துகள். 2018-இல் வந்த முடிவின்படி, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. வலி சற்றே குறைந்திருந்தது மார்ஃபின் வகை பெறாதவர்களுக்குத்தான். இப்படி நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு உடற்பயிற்சியும், பிசியோதெரபியும், மனத்தளர்ச்சிக்கான சிகிச்சையும், நல்ல உறக்கமும்தான் பிரதான வழி.

ஒரு நாட்டில் மருந்து மிகுந்து உயிர்கள் போயின. இன்னொன்றில் மருந்தில்லாமல் மக்கள் துடித்தே இறந்தார்கள். இரண்டுக்கும் அடியில் இருந்த குறை ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். எதிரே இருக்கும் இந்த மனிதருக்கு எந்த வகை வலி, எவ்வளவு வலி, கொடுத்த மருந்தால் குறைந்ததா என்று கேட்டு, எழுதி, மறுபடி போய்ப் பார்ப்பது இரண்டு இடத்திலும் விடுபட்டது. ஹாக்னியிலும் கோழிக்கோட்டிலும் மார்ஃபின் நன்மை செய்தது அந்தக் கேள்வி அங்கே தினமும் கேட்கப்பட்டதால்தான்.

கடைசி அடிகள்

2017-இல் லான்செட் இதழின் ஆணையம் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகில் அப்போது ஆண்டுதோறும் விநியோகமான, மார்ஃபின் அளவில் கணக்கிட்ட 298.5 டன் வலிமருந்தில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன்தான். இந்தியாவில் தேவையில் சுமார் 4 சதவீதம் மட்டுமே கிடைத்தது. இது சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த கணக்கு. அதாவது பூட்டைத் திறந்தது மட்டும் போதவில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டில் மருந்து தருவதோடு, படுத்த படுக்கையானவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. செவிலியர் வீட்டுக்கு வரும் வழி திறந்துவிட்டது. அவர் வரும்போது வலியைக் கேட்டுப் பதிய வேண்டும். மார்ஃபின் தேவைப்பட்டால் எழுதித் தரப் பயிற்சி பெற்ற மருத்துவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

வீட்டில் புற்றுநோயாளி இருப்பவர்களும் சிலவற்றைத் தெரிந்துகொள்ளலாம். மார்ஃபின் எழுதினால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நோயின் எந்தக் கட்டத்தில் வலி கடுமையானாலும் தொடங்கலாம், வலி குறைந்தால் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்கலாம். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், பெரும்பாலும் தணிந்துவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து உடலில் தங்கிவிடும் என்பதால் அளவில் தனிக் கவனம் வேண்டும். எழுப்பினாலும் விழிக்காத அளவு மயக்கமோ, மூச்சு மிகவும் மெதுவாவதோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்; மிச்சத்தைக் கொடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும்.

வலியைத் தாங்கிக்கொள்வது பொறுமை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பிரசவம் முதல் புற்றுநோய்வரை, குறிப்பாகப் பெண்களிடம், அதையே எதிர்பார்த்திருக்கிறோம். தணிக்க முடிந்த வலியை ஒருவர் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பதற்கு மருத்துவத்தில் எந்த நியாயமும் இல்லை. காய்ச்சலையும் நாடியையும் குறிப்பது போலவே வலியையும் பூஜ்யம் முதல் பத்துவரை கேட்டு ஒவ்வொரு வார்டிலும் எழுத வேண்டும். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் அங்கீகாரம் பெற்று மார்ஃபின் மாத்திரையை இருப்பில் வைக்க வேண்டும். மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் பட்டம் வாங்குமுன் தன் கையால் ஒரு நோயாளிக்கு வலிமருந்தின் அளவைக் கணக்கிட்டுக் கொடுத்து, மறுநாள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்போ பெரிய செலவோ தேவையில்லை. கேட்கும் உரிமை நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் உண்டு. கொடுக்க வேண்டிய கடமை மருத்துவமனைக்கு உண்டு.